காவேரிக்கு வேண்டிய வாலிபர்கள்

காவேரி நீரைப் பங்கிடும் வேலை ஒருவாறு முடிந்துவிட்டது. 1990-ம் வருஷம் ஜூன் மாதம் நியமிக்கப்பட்ட நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5-ந் தேதி தன் முடிவைச் சொல்லிற்று. அதன்மேல் எழுந்த அப்பீல்களை விசாரித்து ஸுப்ரீம் கோர்ட்டு 2018 பிப்ரவரி 16-ந் தேதி தீர்ப்பளித்தது. நதி எந்த ராஜ்யத்துக்கும் தனிச்சொத்து அல்ல, தேசத்தின் பொதுச்சொத்து என்று கோர்ட்டார் திட்டமாகச் சொல்லிவிட்டார்கள். அதே வருஷம் ஜூன் மாதத்தில் காவேரி நீர் மேலாண்மை ஆணையமும், அதன் கீழ் பெங்களூரைத் தலைமை ஸ்தலமாகக் கொண்ட ஒழுங்குமுறைக் கமிட்டியும் ஏற்பட்டன. சட்டத்தால் செய்யக்கூடியதில் பெரும் பகுதி செய்தாகிவிட்டது.

அப்படியிருந்தும் 2023-ம் வருஷம் தென்மேற்குப் பருவமழை குன்றியபோது நாம் கண்டது என்ன? தமிழ்நாடு கேட்ட அளவு வேறு, கமிட்டி சொன்ன அளவு வேறு, கர்நாடகம் தர இசைந்த அளவு வேறு. மறுபடியும் ஸுப்ரீம் கோர்ட்டு வாசல். மறுபடியும் மாண்டியாவில் மறியல். செப்டம்பர் 26-ந் தேதி பெங்களூரில் கடையடைப்பு, 29-ந் தேதி கர்நாடகம் முழுவதிலும் கடையடைப்பு. டெல்டாவிலோ, ஜூன் 12-ந் தேதி மேட்டூர் திறந்ததை நம்பிக் குறுவை விதைத்தவர்கள் கருகும் பயிரைப் பார்த்து நின்றார்கள். ஆணையம் இல்லாத காலத்தில் நடந்த நாடகத்துக்கும் ஆணையம் ஏற்பட்ட பின் நடந்த நாடகத்துக்கும் அதிக வித்தியாசம் இருந்ததாகக் குடியானவனுக்குத் தோன்றவில்லை.

இதற்குக் காரணம் ஆணையத்தின் அதிகாரக் குறைவு என்று சிலர் சொல்கிறார்கள். மத்திய ஸர்க்காரின் தயக்கம் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இவ்விரண்டையும் நிவர்த்தி செய்துவிட்டாலும் ஒரு குறை மிஞ்சும் என்பது நமது அபிப்பிராயம். காவேரியின் இரு கரையையும் அறிந்தவர்கள், எதிர்க்கரைக்காரனோடு உட்கார்ந்து ஒரே தாளில் கணக்குப் போடத் தெரிந்தவர்கள், போட்ட கணக்கைத் தம் ஊர் ஜனங்களிடம் போய்ச் சொல்லும் தைரியம் படைத்தவர்கள் நம்மிடையே அருகி வருகிறார்கள். அவர்கள் இடத்துக்கு வாலிபர்களைத் தயார் செய்ய ஒருவரும் முயலவில்லை.

நல்ல மழை பெய்த வருஷத்தில் இந்தக் குறை தெரியாது. ஸுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்புப்படி பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு வந்து சேரவேண்டியது வருஷம் ஒன்றுக்கு 177.25 டி.எம்.ஸி. ஒரு டி.எம்.ஸி. என்பது நூறு கோடி கன அடி. இதில் ஜூன் மாதம் 9.19, ஜூலை மாதம் 31.24, ஆகஸ்டு மாதம் 45.95 என்று மாதவாரி அட்டவணையும் உண்டு. குடகிலும் வயநாட்டிலும் வானம் கொட்டினால் கிருஷ்ணராஜ ஸாகரமும் கபினியும் ஹேமாவதியும் ஹாரங்கியும் நிரம்பி, அட்டவணையைக் கேட்காமலே வெள்ளம் மேட்டூருக்கு வந்துவிடும். 2018-ல் அப்படித்தான் வந்தது. வந்த வெள்ளத்தில் ஆகஸ்டு மாதம் முக்கொம்பில் கொள்ளிடத்து மேலணையின் மதகுகளே இடிந்து போயின. அந்த மாதிரி வருஷத்தில் ஆணையமும் வேண்டாம், நம்மைப் போன்ற பத்திரிகைக்காரர்களும் வேண்டாம்.

மழை பொய்த்த வருஷத்தில்தான் சங்கடம். அப்போது குறைவை எல்லோரும் விகிதாசாரப்படி தாங்கவேண்டும் என்பதே விதி. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த விகிதாசாரத்தை எப்படிக் கணக்கிடுவது? குறைவை எந்தத் தேதியிலிருந்து அளப்பது? ஜூன், ஜூலையில் குறைந்த நீர் ஆகஸ்டு கடைசியில் பெய்த மழையால் அணைக்கு வந்து சேர்ந்தால், பழைய பாக்கியையும் சேர்த்துத் தரவேண்டுமா? நான்கு அணைகளுக்கு வந்த நீரை மட்டும் பார்ப்பதா, நிலத்தடி நீரையும் பார்ப்பதா? டெல்டாவில் பூமிக்கடியில் நீர் இருக்கிறது என்று சொல்லித்தான் கோர்ட்டார் தமிழ்நாட்டின் பங்கில் 10 டி.எம்.ஸி.யைக் குறைத்தார்கள், பெங்களூரின் குடிநீருக்காக 4.75 டி.எம்.ஸி.யைக் குறைத்தார்கள். 419 என்று நடுவர் மன்றம் சொன்னது 404.25 ஆயிற்று, கர்நாடகத்தின் 270, 284.75 ஆயிற்று. ஆனால் நாகப்பட்டினத்துப் பக்கம் கடலோரக் கிராமத்தில் கிணறு தோண்டினால் உப்பு நீர் வருகிறது என்பதைப் பெங்களூர்வாசி அறியமாட்டார். பெங்களூரில் ஒரு குடம் தண்ணீருக்கு லாரியை எதிர்பார்த்து நிற்கும் ஏழையின் நிலையைத் தஞ்சாவூர்வாசி அறியமாட்டார். இந்த அறியாமையை எந்த உத்தரவாலும் போக்க முடியாது.

இதை முன்பே உணர்ந்த சிலர் இருந்தார்கள். 2002-ம் வருஷமும் மழை பொய்த்தது. தமிழ்நாட்டுக்கு நீர் விடுவதை எதிர்த்து நடந்த கிளர்ச்சியில் செப்டம்பர் மாதம் ஒரு கன்னடக் குடியானவர் கபினி நீர்த்தேக்கத்தில் குதித்து உயிர் துறந்தார். டெல்டாவிலோ குறுவை இல்லை, சம்பாவும் நிச்சயமில்லை. இப்படியே போனால் இரு புறமும் பிணங்கள்தான் மிஞ்சும் என்று கண்ட சிலர் 2003-ம் வருஷம் இரு ராஜ்யத்துக் குடியானவர்களையும் ஓரிடத்தில் கூட்டினார்கள். சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த பேராசிரியர் ஜனகராஜன் இதற்கு முன்னின்று உழைத்தார். அக்கூட்டத்துக்குக் ‘காவேரிக் குடும்பம்’ என்று பெயர் வந்தது. தமிழ்நாட்டின் சார்பில் மன்னார்குடி ரங்கநாதன் வந்தார். 1983-ல் டெல்டாக் குடியானவர்களின் சங்கம் ஸுப்ரீம் கோர்ட்டில் போட்ட மனுதான் பிற்பாடு நடுவர் மன்றம் ஏற்படுவதற்கு வழிகோலியது. அந்த மனுவின் பின்னால் நின்றவர் அவர். கர்நாடகத்தின் சார்பில் வந்தவர் மாண்டியா ஜில்லாவின் ரயத்துத் தலைவர் புட்டண்ணய்யா. தண்ணீர் விடக்கூடாது என்று தெருவில் மறியல் செய்தவர் அவர்.

இவ்விருவரும் தத்தம் கக்ஷியை விட்டுக்கொடுத்தவர்கள் அல்லர். இதை நேயர்கள் கவனிக்கவேண்டும். ஒருவர் வழக்குத் தொடுத்தவர், மற்றவர் மறியல் செய்தவர். ஆயினும் ஒருவர் ஊருக்கு மற்றவர் போனார்கள். தஞ்சாவூர்க் குடியானவர்கள் கர்நாடகத்து அணைகளைப் பார்த்தார்கள். மாண்டியாக் குடியானவர்கள் டெல்டாவின் வயல்களைப் பார்த்தார்கள். கடைமடை என்ற சொல்லுக்குக் கன்னடியர்களுக்கு அன்றுதான் அர்த்தம் விளங்கியிருக்கும். அணையிலே நீர் இருந்தும் அதன் நிழலிலேயே கிராமங்கள் காய்வதைக் கண்ட நம்மவர்களுக்கும் ஏதோ விளங்கித்தான் இருக்கும். பல வருஷங்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். வறட்சிக் காலத்துப் பங்கீட்டுக்கு இரு ஸர்க்கார்களும் ஏற்கும்படியான சூத்திரம் அவர்களிடமிருந்து வரவில்லை என்பது வாஸ்தவம். ஸர்க்கார்களும் அவர்களை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. மந்திரிகளுக்குத் தேர்தல் இருக்கிறது. எதிர்க்கரைக்காரனோடு சிரித்துப் பேசிய படம் ஒன்று வந்துவிட்டால் வோட்டுப் போய்விடும் என்ற பயம் இருக்கிறது.

ஸுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்பு வந்த இரண்டாம் நாள், 2018 பிப்ரவரி 18-ந் தேதி, புட்டண்ணய்யா காலமானார். காவேரிக் குடும்பத்தில் முன்னின்றவர்கள் நீண்ட அனுபவம் உள்ள தலைவர்கள். அடுத்த தலைமுறையை உள்ளே இழுத்துப் பழக்கும் ஏற்பாடு ஒன்றும் அங்கே நிலைபெறவில்லை. 2023-ல் வறட்சி வந்தபோது மன்னார்குடியிலிருந்து மாண்டியாவுக்கு டெலிபோன் செய்து, “ஐயா, உங்கள் அணையில் வாஸ்தவத்தில் எவ்வளவு இருக்கிறது? எங்கள் நாற்று எத்தனை நாள் தாங்கும் என்று உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்கக்கூடிய முப்பது வயது வாலிபன் எத்தனை பேர் இருந்தார்கள்?

வாலிபர்கள் இல்லாமல் இல்லை. 1991 டிசம்பரில், நடுவர் மன்றத்தின் 205 டி.எம்.ஸி. இடைக்கால உத்தரவு கெஜட்டில் வெளிவந்ததும், பெங்களூரிலும் மைசூர்ப் பக்கத்திலும் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் சூறையாடப்பட்டன. 2016 செப்டம்பர் 12-ந் தேதி பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பஸ்களும் லாரிகளும் எரிந்தன. இங்கேயும் கன்னடியர்களின் ஓட்டல்களும் வண்டிகளும் தப்பவில்லை. இரு தடவையும் முன் நின்றவர்கள் வாலிபர்கள்தாம். ஹேமாவதி எங்கே உற்பத்தியாகிறது, பவானி எங்கே கலக்கிறது என்று அவர்களைக் கேட்டால் பலருக்குத் தெரிந்திராது. அவர்களைக் குறை கூறி என்ன பயன்? காவேரியைப்பற்றி அவர்களுக்கு நாம் கற்பித்த பாடம் கோஷம் ஒன்றுதான். இந்தக் குற்றத்தில் பத்திரிகைகளாகிய நமக்கும் பங்கு உண்டென்று ஒப்புக்கொள்வதில் வெட்கம் இல்லை. மேட்டூரின் நீர்மட்டத்தைத் தினமும் அச்சிடும் நாம், கிருஷ்ணராஜ ஸாகரத்துக் கால்வாயின் கடைக்கோடியில் இருப்பவனின் நிலைமையை ஒரு நாளாவது அச்சிட்டிருக்கிறோமா?

நமது கிராமங்களில் இந்த வித்தை பழைய காலத்தில் எப்படிக் கற்பிக்கப்பட்டது என்பதை நினைத்துப் பார்க்கலாம். முறைப்பாசனம் நடக்கும் ஊரில் தகப்பன் மண்வெட்டியோடு இரவில் மடைக்குப் போனால், பிள்ளை அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவான். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை, எந்த வாய்க்காலில் கசிவு அதிகம், பக்கத்து ஊர்க்காரன் முறை தப்பி மடையைத் திறந்தால் அவனிடம் எப்படிப் பேசவேண்டும், எப்போது பேசாமல் பஞ்சாயத்தாரிடம் போகவேண்டும் என்பதெல்லாம் அந்தப் பிள்ளைக்குப் பத்து வயதிலேயே தெரிந்துவிடும். ஒரு வாய்க்காலுக்கு நாம் செய்த இந்த ஏற்பாட்டை, 81,155 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள வடிநிலத்துக்கு எவரும் செய்யவில்லை. தலைக்காவேரியிலிருந்து பூம்புகார் வரையில் சுமார் 800 கிலோமீட்டர் ஓடும் நதிக்கு, விளக்குப் பிடித்துக்கொண்டு பின்னால் வரும் பிள்ளை இல்லை.

இது நடக்கக்கூடிய காரியமா என்று கேட்பவர்களுக்கு நமது தேசத்துக்குக் கிழக்கே ஓர் உதாரணம் இருக்கிறது. மேகாங் நதி சீனாவில் உற்பத்தியாகி, பர்மா, லாவோஸ், தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம் வழியாகக் கடலுக்குப் போகிறது. அதன் கீழ்ப்பகுதி தேசங்கள் நான்கும் 1957-ம் வருஷத்திலேயே ஒரு கமிட்டி அமைத்தன. பின்னால் மூண்ட கொடிய யுத்தத்தின் நடுவிலும் அந்தக் கமிட்டியின் வேலை அறவே நின்றுவிடவில்லை. நதியின் அளவைக் கணக்குகள் சேர்ந்துகொண்டே வந்தன. 1995-ல் புது உடன்படிக்கை செய்துகொண்டு மேகாங் நதி ஆணையமாக அதை அமைத்துக்கொண்டார்கள். அந்த ஆணையம் நான்கு தேசத்து இளம் உத்தியோகஸ்தர்களையும் பட்டதாரிகளையும் தன் காரியாலயத்துக்கு வரவழைத்து, ஒரே மேஜையில் உட்காரவைத்து, நதியின் வேலையைப் பழக்கும் திட்டம் ஒன்றை நடத்தியிருக்கிறது. பழகியவர்கள் தம் தேசத்து இலாகாக்களுக்குத் திரும்பிப் போகிறார்கள். நாளைக்குத் தகராறு வந்தால் எதிர்ப்புறத்தில் உட்காருகிறவன் பெயர் தெரிந்த மனிதனாக இருப்பான்.

இதனால் மேகாங்கில் எல்லாம் ஸௌக்கியம் என்று நாம் சொல்லவரவில்லை. கம்போடியாவும் வியட்நாமும் ஆட்சேபித்தும் லாவோஸ் ஸாயபூரி அணையைக் கட்டி முடித்தது. மேல்நதியில் அணைமேல் அணை கட்டிய சீனா அந்த ஆணையத்தில் அங்கத்தினரே அல்ல. வாலிபர்களுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டால் அணை கட்டுகிறவன் கை நின்றுவிடாது. மேக்கேதாட்டு விஷயத்திலும் அப்படித்தான். ஆனால் அணையினால் என்ன நேரும் என்ற கணக்காவது இரு புறத்திலும் ஒன்றாக இருக்கும். நமது தகராறுகளில் பாதி, ஒரே நீரை இரண்டு கணக்கில் எழுதுவதால் வருபவை.

நம்மிடம் ஸ்தாபனங்களுக்கும் குறைவில்லை. திருச்சிக்கு அருகே துவாக்குடியில் பாசன மேலாண்மைப் பயிற்சி நிலையம் இருக்கிறது. கர்நாடகத்தில் தார்வாரில் அதைப் போன்ற ஒரு நிலையம் இருக்கிறது. ஆடுதுறையில் 1922 முதல் நெல் ஆராய்ச்சி நடக்கிறது. மாண்டியாவிலும் ஆராய்ச்சிப் பண்ணை இருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றும் தன் ராஜ்யத்துக்கென்று ஏற்பட்டது. துவாக்குடியில் படிப்பவன் தமிழ்நாட்டு வாய்க்காலைப் படிக்கிறான். தார்வாரில் படிப்பவன் கர்நாடகத்து வாய்க்காலைப் படிக்கிறான். நதியைப் படிப்பவன் யார்?

நாம் சொல்வது பெரிய திட்டமல்ல. காவேரி வடிநிலத்தில் பங்குள்ள தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம், புதுச்சேரி ஆகிய நான்கு பிரதேசங்களிலிருந்தும் வருஷந்தோறும் சில வாலிபர்களைத் தெரிந்தெடுக்கவேண்டும். எல்லோரும் இன்ஜினீயர்களாக இருக்கவேண்டாம். பாதிப் பேராவது மண்வெட்டி பிடித்த குடும்பத்தைச் சேர்ந்தவர்களாக இருக்கவேண்டும், பெண்களும் இருக்கவேண்டும். நாற்று நடுகிறவர்கள் அவர்கள், குடத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கிறவர்களும் அவர்களே; பஞ்சாயத்தில் மட்டும் அவர்களுக்கு இடமில்லை என்பது என்ன நியாயம்? கபினியின் தலைப்பான வயநாட்டுப் பிள்ளையும், கடைமடையான காரைக்கால் பிள்ளையும் அதில் கட்டாயம் இருக்கவேண்டும். கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 என்று பங்கைச் சொன்னதோடு அவர்களை நாம் மறந்துவிடுகிறோம்.

அவர்கள் ஒரு நீர் வருஷம் முழுவதும், அதாவது ஜூன் முதல் மே வரையில், நதியோடு இருக்கவேண்டும். தென்மேற்குப் பருவத்தில் குடகில். ஆடியில் மாண்டியாக் கால்வாய்களில். பிலிகுண்டுலுவில் மத்திய நீர் கமிஷனின் அளவைச் சாவடியில் உட்கார்ந்து தம் கையாலேயே நீரை அளந்து எழுதவேண்டும். வடகிழக்குப் பருவத்தில் டெல்டாவில் இருக்கவேண்டும். வடிகால் இல்லாமல் சம்பா முழுகுவதையும் பார்க்கவேண்டும். தமிழ்ப் பிள்ளை கன்னடம் பேசக் கற்கவேண்டும். கன்னடப் பிள்ளை தமிழ் பேசக் கற்கவேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்கக்கூடாது என்பது நமது திடமான எண்ணம். டில்லியில் கூடும் கூட்டத்தில் இங்கிலீஷில் பேசிக்கொள்ளும் இருவர், வெளியே வந்தபின் மற்றவன் ஊர்க் குடியானவனோடு ஒரு வார்த்தை பேச முடியாவிட்டால் என்ன தலைமை அது?

வருஷக் கடைசியில் அவர்களுக்கு 2002-ம் வருஷத்துக் கணக்கையோ 2016-ம் வருஷத்துக் கணக்கையோ 2023-ம் வருஷத்துக் கணக்கையோ கொடுத்து, வாரவாரியாக எவ்வளவு விட்டிருக்கலாம் என்று பங்கிடச் சொல்லவேண்டும். தமிழ்ப் பிள்ளை கர்நாடகத்தின் பிரதிநிதியாக வாதாடவேண்டும். கன்னடப் பிள்ளை தமிழ்நாட்டின் பிரதிநிதியாக வாதாடவேண்டும். எதிரியின் கட்சியை எதிரியைவிட நன்றாகச் சொல்லத் தெரிந்தவனே தன் கட்சியையும் நன்றாகச் சொல்வான். வக்கீல்கள் இதை அறிவார்கள். அவர்கள் போட்ட கணக்குகளை ஒழிக்காமல் அச்சிட்டு வெளியிடவேண்டும். பத்து வருஷத்தில் வறட்சிப் பங்கீட்டுக்கு உருப்படியான சூத்திரம் அந்தக் காகிதங்களிலிருந்தே கிடைத்தால் நாம் ஆச்சரியப்படமாட்டோம்.

நமது தோழர்களில் சிலர் இதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள் என்று அறிவோம். “உரிமைக்குப் போராடும் நேரத்தில் உறவாடச் சொல்கிறீர்களா? இது நமது பிள்ளைகளின் உறுதியைக் கரைத்துவிடாதா?” என்பது அவர்கள் ஆட்சேபம். இதை நாம் அலட்சியம் செய்யவில்லை. கீழ்நதிக்காரனுக்குத் தயவை நம்பி இருப்பதில் உள்ள அபாயம் நமக்குத் தெரியும். 1892-லும் 1924-லும் சென்னை ஸர்க்காரும் மைஸூர் ஸமஸ்தானமும் செய்துகொண்ட ஒப்பந்தங்கள் நமக்குக் காப்பாக இருந்தன. 1974-ல் 1924-ம் வருஷத்து ஒப்பந்தத்தின் 50 வருஷக் கெடு முடிந்தபோது அது ஏன் புதுப்பிக்கப்படவில்லை? அதற்குள் நமது சார்பில் காகிதங்கள் எவ்வளவோ எழுதப்பட்டன. ஆனால் எதிர்ப்புறத்தில் கர்நாடகம் ஒவ்வொரு அணையாகக் கட்டிக்கொண்டே வந்ததை நேரில் அறிந்து, காலத்தில் எச்சரித்து, காலத்தில் பேசி முடிக்கக்கூடிய கூட்டம் நம்மிடம் இருக்கவில்லை. அறியாமைதான் நமது உறுதியைக் குலைத்தது; பழக்கம் குலைக்கவில்லை. மன்னார்குடி ரங்கநாதன் புட்டண்ணய்யாவோடு பழகியதால் தமது வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டாரா?

தீர்ப்பில் 177.25 டி.எம்.ஸி. இருக்கிறது. அது நமது உரிமை. அதில் ஒரு கன அடியும் குறைத்துக்கொள்ளச் சொல்பவர்கள் நாமல்ல. ஆனால் குறைவு வந்த வருஷத்தில் அந்த உரிமையின் அளவை யாராவது கணக்கிட்டுத்தான் ஆகவேண்டும். அந்தக் கணக்கு நடக்கும் அறையில் நமது பிள்ளை ஒருவன் விஷயம் தெரிந்து உட்கார்ந்திருப்பது நமக்குப் பலமா, பலவீனமா?

ஆணையத்தில் இப்போது இருப்பவர்கள் உத்தியோகஸ்தர்களும் இன்ஜினீயர்களும். அவர்களில் திறமைசாலிகள் உண்டு. ஆனால் மூன்று வருஷமோ ஐந்து வருஷமோ இருந்துவிட்டு மாற்றலாகியோ பென்ஷன் வாங்கியோ போய்விடுகிறார்கள். நதி போகாது. குடியானவனும் போகமாட்டான்.

பணத்துக்கு வழி என்ன என்று கேட்கவேண்டியதில்லை. ஆணையத்தின் செலவைத் தமிழ்நாடும் கர்நாடகமும் நூற்றுக்கு 40 வீதமும், கேரளம் 15-ம், புதுச்சேரி 5-ம் ஏற்பதென்று 2018-ம் வருஷத்துத் திட்டத்திலேயே எழுதியிருக்கிறது. அதே விகிதத்தில் இந்தச் செலவையும் ஏற்கலாம். பெங்களூரில் ஒரு நாள் கடையடைப்பால் நஷ்டமாவதையும், டெல்டாவில் ஒரு குறுவை கருகுவதால் நஷ்டமாவதையும் எண்ணிப் பார்த்தால் இது மிகச் சொற்பம். ஸர்க்கார்கள் தயங்கினால் கோயம்புத்தூர் விவசாயப் பல்கலைக்கழகமும் பெங்களூர் விவசாயப் பல்கலைக்கழகமும் தாமே ஆரம்பிக்கலாம். ஓர் அறையும், இரண்டு மொழியும் தெரிந்த ஓர் ஆசிரியரும், ரயில் சார்ஜும் இருந்தால் போதும். முதல் வருஷத்துக்கு நாற்பது பேர் வந்தால் போதுமானது. நல்ல மழை பெய்யும் வருஷத்திலேயே இதை ஆரம்பித்துவிடவேண்டும். அணைகள் காய்ந்த பிறகு ஆரம்பிக்கப் போனால் யாரும் யாரோடும் உட்காரமாட்டார்கள்.